பின்னால் நின்றவள்

கார் பின்னால் போகும்போது தானாகச் சத்தம் போடுகிற கருவி ஒன்று சேலத்துக் கடைகளுக்கு வந்திருக்கிறது என்று டாக்ஸி ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து சிக்கந்தருக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. அதை வாங்கி மாட்டிவிட்டால் ஜரீனா திரும்பி வந்துவிடுவாள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்குக் கீழே, சரிவான ஒரு சந்தின் கடைசியில் அவர்கள் வீடு. சந்தில் அவனுடைய அம்பாசிடர் டாக்ஸியைத் திருப்ப இடம் கிடையாது. சாயங்காலம் நேராக உள்ளே வந்து நிறுத்தினால், காலையில் ரிவர்ஸிலேயே மேட்டுக்கு எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கருங்கல் சுவர், மறுபக்கம் காப்பித் தோட்டத்துப் பள்ளம். கல்யாணமான மறு வாரத்திலிருந்து ஏழு வருஷமாக, விடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றவள் ஜரீனாதான். “வாங்க... இன்னும் வாங்க... கொஞ்சம் ஒடிச்சு வாங்க” என்று சொல்லிக்கொண்டே மேடு வரைக்கும் நடப்பாள். பனிமூட்டத்தில் ஆள் தெரியாது. குரலை வைத்துத்தான் அவன் ஓட்டுவான்.

அவள் கடைசியாக நின்ற அன்றைக்கும் பனிமூட்டம்தான். ஹோட்டலில் பெங்களூர்க்காரர்கள் காத்திருந்தார்கள். அவள் “நில்லுங்க” என்றது அவன் காதில் விழுந்தது. விழவில்லை என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னான். ஆனால் விழுந்தது. இன்னும் ஓரடி போகலாம் என்று நினைத்தான். அந்த ஓரடியில் அவளுடைய இடது பாதம் சக்கரத்துக்கும் சுவர்க்கல்லுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

சேலத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அங்கேயே கோட்டைப் பகுதியில் துணிக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் அமீர் ஜான், “கால் தேறட்டும் மாப்ள, பொறகு பாக்கலாம்” என்று தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கட்டுப் பிரித்தாயிற்று என்று தகவல் வந்தது. வருகிறேன் என்ற தகவல் மட்டும் வரவில்லை.

சிக்கந்தர் அதன் பிறகு காரைச் சந்துக்குள் இறக்கவே இல்லை. மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்குவான். காலையில் பழகிய நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். கொல்லைப்பக்கம் அவள் வாளி வைக்கும் சத்தத்துக்காகக் காது தானாகக் காத்திருக்கும். ஒன்றும் கேட்காது. டீ போட்டால் பழக்கத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுவான். மிஞ்சியதைக் கொட்ட மனம் வராமல் அதையும் அவனே குடிப்பான்.

செவ்வாய்க்கிழமை ஏற்காட்டில் சவாரி குறைவு. அன்றைக்குச் சேலத்துக்கு இறங்கினான். ஐந்து ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ராஜேந்திரன், இருந்ததையெல்லாம் எடுத்து மேஜைமேல் பரப்பினார். கறுப்பு டப்பாக்கள் இரண்டு, வெள்ளை விளக்கு ஒன்று, நடுவில் புடைத்த வட்டக் கண்ணாடி ஒரு ஜோடி. டப்பாக்களைப் பாட்டரியில் தொட்டுக் காட்டினார். முதலாவது ‘பீம் பீம்’ என்று அலறியது. சிக்கந்தர் தலையை ஆட்டினான். குக்கர் விசிலுக்கே திடுக்கிடுகிறவள் ஜரீனா. இரண்டாவது குருவி மாதிரிக் கீச்சிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது அவனுக்குக் கண்முன் வந்தது.

“கண்ணாடியும் நல்லாருக்குதுங்க. சக்கரம் வரைக்கும் தெரியும்” என்றார் ராஜேந்திரன்.

“எது வாங்கலாமுங்க?”

“சத்தம் பின்னாடி நிக்கறவங்களுக்குங்க. கண்ணாடி ஓட்டறவங்களுக்கு. நீங்க யாருக்காக வாங்கறீங்க?”

“நிக்கறவங்களுக்குத்தானுங்க” என்று குருவி டப்பாவை எடுத்துக்கொண்டான். மாட்டிக்கொண்டு போகச் சொன்னார். அவளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

கோட்டை வீட்டில் அமீர் ஜான் “வாங்க மாப்ள” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஜரீனா உள்ளிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அவன் கண் அந்தக் காலிலேயே நின்றது.

“இந்தா, பாரு” என்று டப்பாவை நீட்டினான். “ரிவர்ஸ் போட்டா குருவி மாதிரிக் கத்தும். சந்துல போறவங்க எல்லாம் ஒதுங்கிக்குவாங்க. இனி நீ பின்னாடி வந்து நிக்கவே வேண்டாம் புள்ள.”

அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்: “அன்னிக்கு நான் கத்துனது உங்களுக்குக் கேக்கலீங்களா?”

மூன்று மாதமாகச் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவளைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

“கேட்டுச்சு” என்றான்.

“எனக்குத் தெரியுமுங்க. பிரேக் லைட்டு ஒரு தரம் எரிஞ்சு அணைஞ்சுது. கேட்டு நிறுத்தத்தான் வந்தீங்க. பொறகு விட்டுட்டீங்க. இத நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கால் வலிகூட எனக்குப் பெருசாத் தெரியலீங்க.”

“தப்புத்தான் ஜரீனா. நொம்பப் பெரிய தப்பு” என்று கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

அவள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். “இது எனக்கெதுக்குங்க? கார் வர்றது எனக்குத் தெரியும். நான் நிக்கறது உங்களுக்குத் தெரியணும்.”

“அப்பக் கண்ணாடி வாங்கட்டுமா?”

“வாங்குங்க.”

“வாங்குனா வருவியா?”

“அந்தக் கார்ல நான் எத்தன தடவ உக்காந்திருக்கேன், நெனப்பிருக்குதுங்களா?” என்றாள்.

அவன் யோசித்தான். கல்யாணத்தன்று ஒரு தடவை. அவள் அம்மா மௌத்தாகி, அடக்கத்துக்குப் போனபோது ஒரு தடவை. கால் நசுங்கிய அன்று ஒரு தடவை. மூன்றுமே பின் சீட்டில்.

“ஏற்காட்டுல லேடீஸ் சீட்டு, பகோடா பாயிண்ட்டுன்னு சுத்திப் பாக்கற எடமெல்லாம் எப்படியிருக்கும்னு உங்க வாயால கேட்டதுதான். யார் யாரோ தினமும் பாத்துட்டுப் போறாங்க. நான் மேடு வரைக்கும் வந்து வழியனுப்பிட்டு ஊட்டுக்கு எறங்கிருவேன்.”

சிக்கந்தர் அங்கிருந்து நேராக ராஜேந்திரன் கடைக்குப் போனான். டப்பாவைக் கொடுத்துவிட்டு இரண்டு பக்கமும் வட்டக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். மறுநாள் மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் காரைச் சந்துக்குள் இறக்கி, தன்னந்தனியாக ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தான். கண்ணாடியில் சுவர் தெரிந்தது, பள்ளத்தின் ஓரம் தெரிந்தது, சக்கரம் தெரிந்தது. இருந்தும் நாலு தடவை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஏறினான். வழி முழுக்க அவன் காது ஒரு குரலையே தேடிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சவாரி எதுவும் ஏற்றாமல் கோட்டைக்குப் போனான். ஜரீனா வாசலுக்கு வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். முன் கதவைத் திறந்துவிட்டான். ஏறி உட்கார்ந்தாள். வண்டியை எடுக்க வேண்டாம் என்றாள். நின்ற காரில், முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி உள்ளே போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் அடிவாரம் வரை போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். நாலாவது வாரம் அடிவாரத்தில் அவன் வண்டியைத் திருப்பப் போனபோது, “மேல போங்க” என்றாள்.

லேடீஸ் சீட்டில் வெயில் தாழ்ந்திருந்தது. கீழே சேலம் பரந்து கிடந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அண்ணன் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவன் கையை நீட்டிக் காட்டினான். காற்றில் நழுவிய முக்காட்டை அவள் சரிசெய்யவே இல்லை. அவர்கள் வீடு அங்கிருந்து பக்கம்தான். வாயேன் என்று சொல்ல அவனுக்கு ஆசை முட்டிக்கொண்டு வந்தது. கேட்கவில்லை.

“அண்ணன் தேடுவாரு, போலாமுங்க” என்றாள். கொண்டுபோய் விட்டான். வாசலில் இறங்கியவள் கதவைச் சாத்திவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வர்ற செவ்வாய்க்குத் துணிமணி எடுத்து வெக்கறேன். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

இன்னும் ஏழு நாள். அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் தேங்காயெண்ணெயும் அத்தரும் கலந்த வாசம் தங்கியிருந்தது. அது வெளியே போய்விடக் கூடாதென்று, புழுங்கினாலும் பரவாயில்லை என்று, ஜன்னலை இறக்காமலே ஏற்காட்டு மலையின் இருபது வளைவும் ஏறினான்.