பன்னிரண்டே நாளில் பலித்த மனு

அப்துல் ஹலீம் பாய் எழுதின மனுவையெல்லாம் எடைக்குப் போட்டால் ஒரு மாசத்துக் காய்கறிச் செலவு தேறும். அம்புட்டு எழுதியிருக்கிறார். பாசஞ்சர் வண்டிப் பயணிகள் சங்கத்துக்குப் பதினேழு வருஷமாக அவர்தான் செயலாளர். விருதுநகரில் வீடு, சிவகாசியில் பை விற்கிற கடை. காலையில் பாசஞ்சரில் போய், சாயங்காலம் ஆறே கால் பாசஞ்சரில் திரும்புவார். போகிற வழியில் கண்ணில் பட்ட குறையையெல்லாம் மறுநாளே வெள்ளைத்தாளில் எழுதி, ஒரு நகலைத் தனக்கு வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்.

குழாயில் தண்ணீர் வரவில்லை, பொம்பளைகளுக்குக் கக்கூஸ் இல்லை, செவலூரணி ஸ்டேஷனில் பிளாட்பாரம் பள்ளத்தில் கிடக்கிறது, வயசானவர்களை மேலே இருந்து ஆள் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. எல்லாம் கிணத்தில் போட்ட கல். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு காகிதம் வரும். அதைக் கோப்பில் கோத்துவிட்டு அடுத்த மனுவை எழுதுவார். வீட்டுக்காரி சாலிஹா, "நீங்க அந்த ரயில்வேயையே நிக்கா பண்ணியிருக்கலாம்" என்பாள். சிரித்துக்கொள்வார்.

பிறகு ஒரு மனு எழுதினார். அது பன்னிரண்டே நாளில் பலித்தது. அது ஏன் பலித்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

விருதுநகரிலிருந்து போனால் சிவகாசிக்கு அடுத்த ஸ்டேஷன் செவலூரணி; திரும்பி வருகிற வண்டி அங்கே நின்றுவிட்டுத்தான் சிவகாசிக்கு வரும். ஒத்தைப் பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பதினோரு பொம்பளைகள் விருதுநகரிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தார்கள். கம்பெனி வேன் இருக்கிறதுதான். ஊரெல்லாம் சுத்தி, ஆட்டை அடைக்கிற மாதிரி அடைத்துக்கொண்டு வருகிற வேன். ரயில் என்றால் காலை நீட்டலாம், ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். அவர்களுக்குத் தலைவி மாரித்தாய். சூலக்கரைப் பக்கம் வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் அருணாதேவி காலேஜில் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள்.

சாயங்கால வண்டி சிவகாசிக்கு வரும்போது உட்கார இடம் இருக்காது. ஆனால் ஹலீம் பாய்க்கு இருக்கும். செவலூரணியில் ஏறின உடனே மாரித்தாய் தன் பக்கத்து சீட்டில் சோத்துப் பையை வைத்துவிடுவாள். எவன் கேட்டாலும் நகர்த்த மாட்டாள். "எங்களுக்காக எழுதி எழுதியே கை ஓஞ்ச மனுசன். அவர் நின்னுட்டு வர, நீ உக்காந்து வருவியாக்கும்?" என்பாள். எட்டு வருஷமாக இப்படித்தான்.

அந்தப் புரட்டாசியில் பாயின் மகள் நாஜியாவுக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா ஜாபர் சாதிக், அவருடைய மச்சினன், ரெண்டு பேரும் முதலில் சிவகாசிக் கடையைப் பார்த்துவிட்டுப் பாயோடு சேர்ந்து வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கார் வைக்கலாம் என்று சாலிஹா சொன்னாள். "நம்ம வண்டி இருக்கும்போது காரு என்னத்துக்கு?" என்று சொல்லிப் பாய் மறுத்துவிட்டார். அன்று காலை ரயிலில் மாரித்தாயிடம் சொன்னார். "தாயி, சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரக வர்றாக. மூணு எடம் போட்டு வச்சிரு."

"ஜம்முனு போட்டு வச்சிர்றேன் பாய். கண்ணாலத்துக்குப் பிரியாணி எனக்குத் தனியாப் பார்சல் வேணும், ஆமா."

சொன்னபடியே மூணு இடம் இருந்தது. ஜாபர் சாதிக் அன்றைக்கு என்று பார்த்துப் பால் மாதிரி வெள்ளையில் சட்டையும் வேட்டியும் போட்டிருந்தார். அவரைப் பார்த்ததும் மாரித்தாய் எழுந்து, சேலை முந்தானையால் சீட்டையும் சாய்கிற பலகையையும் ரெண்டு தடவை அழுத்தித் துடைத்து, "உக்காருங்கய்யா" என்றாள். முந்தானையில் பகல் பூராவும் படிந்த வெள்ளிப் பொடி. மத்தாப்புக்குப் போடுகிற பொடி. ரயில் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஒட்டினால் சோப்புக்கும் போகாது. பாவி மகள் நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தாள்.

வீட்டில் விளக்கு வெளிச்சத்தில்தான் தெரிந்தது. ஜாபர் சாதிக் கை கழுவத் திரும்பினார். முதுகு, பின்பக்கம், எல்லாம் சாம்பல் கலரில் மின்னியது. அடுப்படியில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "உங்க ரயில்ல ஏறினா தீபாவளி முன்கூட்டியே வந்துருதே பாய்" என்றார். மனுஷன் தமாஷாகத்தான் சொன்னார். ஹலீம் பாய்க்கு முகம் செத்துப்போனது.

ரெண்டு நாளில் வரன் வேண்டாம் என்று சேதி வந்தது. அவர்களுக்குப் பெண் வேலைக்குப் போகக் கூடாதாம், நாஜியா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதுதான் காரணம், வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்தப் பொடிக்கும் இதுக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பாய் வெள்ளைத்தாளை எடுத்தார்.

சீட்டு அழுக்காகிறது என்று எழுதினால் அதுவும் பரிசீலனையில்தான் கிடக்கும். பதினேழு வருஷம் எழுதின கைக்கு அது தெரியாதா? அதனால் இப்படி எழுதினார்: "பட்டாசுத் தொழிலாளர்கள் கைகளிலும் உடைகளிலும் வெடிமருந்துத் துகள்களுடன் பயணம் செய்வதால் எந்நேரமும் தீ விபத்து ஏற்படும் அபாயம் உள்ளது." நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்பார்கள். சில இடத்தில் வெந்துவிடும். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் செவலூரணி பிளாட்பாரத்தில் ரெண்டு காக்கிச் சட்டைகள் வந்து நின்றன.

"கையைக் காட்டு."

பதினோரு பேரும் கையைக் காட்டினார்கள். பதினோரு பேரையும் ஏற்றவில்லை.

அன்று சிவகாசியில் ஏறின ஹலீம் பாய், வழக்கமான பெட்டியில் வழக்கமான இடத்தைப் பார்த்தார். சோத்துப் பை இல்லை. எவனோ காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். விருதுநகர் வரைக்கும் கதவோரமாக நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் காலை வண்டியில் எல்லோரும் இருந்தார்கள். காலையில் கை சுத்தமாகத்தானே இருக்கும், ஏற்றிக்கொண்டார்கள். மாரித்தாய் அவரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "பாய், எவனோ எங்களப் பத்தி எழுதிப் போட்டிருக்கான். கையில வெடிமருந்து இருக்காம்ல! எழுதுன கை வெளங்காமப் போக. இனிமே நாங்க அந்த வேன்லதான் சாகணும். வீடு போய்ச் சேர ஒம்போது மணி ஆகுது. பொட்டப்புள்ள ஒத்தையில கெடக்கா. நீங்கதான் கேக்கணும்."

பாய் தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார். "கேக்குறேன் தாயி" என்றார்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். நான்தான் எழுதினேன், கோபத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ரெண்டு ஏச்சு ஏசியிருப்பாள், ரெண்டு நாள் முகத்தைத் திருப்பியிருப்பாள், அதோடு போயிருக்கும். வாய் வரவில்லை. எட்டு வருஷமாக அவள் போட்டு வைத்த சீட்டுதான் தடுத்தது.

தினம் காலையில் அவள் கையைக் காட்டுவாள். புளி போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன், நகக்கண்ணில் மட்டும் போக மாட்டேன் என்கிறது பாய் என்பாள். தோல் உரிந்து சிவந்திருக்கும். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் ஆலோசனைக் குழுக் கூட்டம். அதில் பாயும் உறுப்பினர். மாரித்தாய் விஷயத்தை முதலாவதாகப் பேசிவிட வேண்டும் என்று பாய் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி எழுந்தார். "ஒரு பெரிய ஆபத்தை நமக்கு முன்கூட்டியே சுட்டிக்காட்டிய பொறுப்பான குடிமகன்" என்று சொல்லி, ஹலீம் பாய் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் அவருக்கு யாரும் ஒரு பிஸ்கட்டைக்கூட எடுத்து நீட்டினதில்லை. பொன்னாடையோடு நின்றுகொண்டு, நான் எழுதினது பொய் என்று எப்படிச் சொல்வது? துண்டுச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை காலை வண்டியில் பதினோரு முகமும் அவரையே பார்த்தன.

"பேசிட்டீகளா பாய்?"

"பேசிட்டேன்."

"என்ன சொன்னாக? திங்கக்கெழமைலருந்து ஏறலாமா?"

அல்லா சத்தியமாக, "இல்லை" என்றுதான் அவர் சொல்ல நினைத்தார். ஆனால் மாரித்தாய் கை ரெண்டையும் கூப்பிக்கொண்டு நின்றாள். உரிந்துபோன கை.

"ஏறலாம் தாயி" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதற்குள் உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். எழுத உட்கார்ந்தார். "முன்பு நான் எழுதியது தவறு" என்ற ஒரு வரியில் வந்து பேனா நின்றது. சாலிஹா ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். சாயங்காலம் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். காலை வண்டியில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, திங்கட்கிழமை மதியம் கம்பெனிக்குப் போன் போட்டு மாரித்தாயிடம் சொல்லிவிடுவோம் என்று நினைத்தார். திங்கட்கிழமை கடையில் கூட்டம். சொல்லவில்லை. நல்ல மனுஷர்கள் செய்கிற அயோக்கியத்தனம் எல்லாம் இப்படித்தான், நாளைக்கு நாளைக்கு என்றே நடந்துவிடும்.

அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் வேன் நின்றது. "நீ போய்யா, இனி எங்களுக்கு ரயிலு" என்று மாரித்தாய் டிரைவரை அனுப்பிவிட்டாள். பதினோரு பேரும் கையைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டு, பிளாட்பாரத்துக்குப் போனார்கள். காக்கிச் சட்டைக்காரர்கள் அங்கனதான் நின்றார்கள். "பாய் பேசிட்டாரே" என்றாள் மாரித்தாய். எந்தப் பாய் என்று கேட்டார்கள். வண்டி வந்தது, நின்றது, போனது. வேனும் போய்விட்டது. அந்நேரம் அட்டைக் குழாய் லோடு இறக்கிவிட்டு ஒரு குட்டியானை வண்டி சும்மா திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்திப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் எதிரே லாரி வந்தது. குட்டியானை கரையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. நாலு பேருக்குக் கை கால் முறிவு. மாரித்தாய் அடியில் கிடந்தாள்.

சிவகாசியில் ஏறிய பாய் சீட்டில் சோத்துப் பையைத் தேடினார். இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அப்போதே தெரிந்துபோனது. விருதுநகரில் இறங்கும்போது போன் வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்தார்கள். ஹலீம் பாய் போனார். சட்டைப் பையில் அந்த மனுவின் நகல். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். "பாய் வந்திருக்காக" என்று யாரோ நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

அருணாதேவி அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க அம்புட்டுப் பேசியும் அவங்க கேக்கலயே பாய். எழுதிப் போட்டவனை விட்றாதீக. நீங்க ஒரு மனு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"நான் பேசவே இல்லம்மா" என்றார் பாய்.

அவளுக்குப் புரியவில்லை. தாளை எடுத்து நீட்டினார். அழுதுகொண்டே படித்தாள். கீழே கையெழுத்தைப் பார்த்தாள். மேலே தேதியைப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அழுகை நின்றுபோனது.

"சம்பந்தி வீட்டுக்காரக வந்துட்டுப் போன வாரம்" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு அம்மா வந்து சொல்லிச்சு. அவுக வெள்ளையும் சொள்ளையுமா வந்திருந்தாக, அழுக்காயிரக் கூடாதுன்னு நல்லா அழுத்தித் தொடச்சுவிட்டேன்டின்னு."

பாய் தலையில் போட்டிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பச்சைப்பிள்ளை மாதிரி தேம்பினார்.

உள்ளேயிருந்து பொம்பளைகள் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சுற்றிக் கட்டிக் கொடுத்த உடம்பு, குளிப்பாட்ட முடியாது, முகமும் கையும் காலும் மட்டும் கழுவ வேண்டும். அருணாதேவி தாளை நாலாக மடித்தாள். பாயிடமே திருப்பிக் கொடுத்தாள். குடத்தோடு நின்ற சித்தியிடம் போனாள்.

"கையை நல்லாத் தேச்சுக் கழுவு சித்தி" என்றாள். "எங்கம்மா கையில மருந்து இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காக."