பல்செட்டுக்காரர் பேஸ் பார்த்த படலம்

ஊரில் பாதிப் பேருக்குப் பொய்ப்பல் செய்து கொடுத்த நம் பல்செட்டுக்காரருக்கு, தனக்கென்று ஓர் ஆசை வந்தால் மட்டும் அதைக் கடித்துப் பார்க்கப் பயம்.

இப்போது வந்திருந்த ஆசை ஒரு பேஸ் கிட்டார் மேல். நாலே கம்பி, வயலின் மாதிரி இடுப்பு சிறுத்த உடம்பு, தேன் நிறம், விலையும் மலிவு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது தொங்குவதைப் பார்த்த நாள் முதல் மனுஷருக்கு வேலை ஓடவில்லை.

ஆசைக்குக் காரணம் இருந்தது. ஞாயிறு மதியங்களில் மருந்துக்கடை மாடியில் கூடி வாசிக்கும் கோஷ்டியில் அவர் மூன்றாவது கிட்டார். பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா என்று அவ்வப்போது கச்சேரியும் உண்டு. மனைவி முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவாள். போன வாரம், டிரம்ஸ் அடிக்கும் மருந்துக்கடைக்காரர் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே பேச்செடுத்தார்.

"மூணு கிட்டார் எதுக்குப்பா? அடியில தாங்கிப் பிடிக்க ஆளே இல்ல. பல்செட்டு, நீ பேஸுக்கு மாறிடு. இல்லேன்னா என் மச்சான்கிட்ட ஒண்ணு இருக்கு, அவனத்தான் கூப்பிடணும்."

மச்சான் வந்தால் மூன்றாவது கிட்டாருக்கு நாற்காலி இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விட்டால் அவர் வாழ்க்கையில் மிச்சம் இருப்பது அடுத்தவர் வாய்தான்.

வீட்டில் மெல்லப் பேச்சை ஆரம்பித்தார். "ஒரு பேஸ் வாங்கலாம்னு இருக்கேன்."

பல் பதிக்கிற இளஞ்சிவப்புத் தட்டுக்கும் அவர் பட்டறையில் பேஸ் என்றுதான் பெயர். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "தினம் அதைத்தானே செய்றீங்க. வெளியில எதுக்கு வாங்கணும்? யாரு வாய்க்கு?"

"வாய்க்கு இல்ல, வாசிக்க. வயலின் ஷேப்ல இருக்கும்."

"பல்லுக்கு எதுக்குங்க வயலின் ஷேப்?"

அவர் விளக்கி முடிப்பதற்குள் துணியெல்லாம் மடித்தாகிவிட்டது. "பிடிச்சிருந்தா வாங்குங்க" என்று சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றிருந்தால் பழியை அவள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். அந்த வழியும் அடைபட்டது.

பிறகு பேஸ் மேலேயே குறை தேடினார். உடம்பு லேசு, கழுத்து கனம், கையை விட்டால் தலைகுப்புறச் சாயும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததை மனப்பாடம் செய்தார். அந்தச் சிறுத்த இடுப்பு தன் தொப்பைமேல் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே என்றும் கவலைப்பட்டார்.

எல்லாம் சாக்குப்போக்கு. உண்மை என்னவென்றால், தன் கிட்டாரின் சத்தக் குமிழை அவர் என்றைக்குமே பூஜ்யத்தில்தான் வைத்திருந்தார். தப்பு விழுந்தால் யாருக்கும் கேட்காது பாருங்கள். மற்ற இரண்டு கிட்டாரும் போடுகிற இரைச்சலில், கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, தலையை ஆட்டி உருகினால் போதும். பேஸில் அந்தப் பருப்பு வேகாது. இருப்பது ஒரே ஒரு பேஸ். அது வாய் திறக்காவிட்டால் மறு நிமிடமே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியில் மனைவிதான் அவரைக் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் பேஸைக் கழற்றி, வயரைச் செருகி, தானே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அவர் மடியில் வைத்தார். பல்செட்டுக்காரர் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, உருகி உருகி வாசித்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

கடைக்காரர் வயரை மாற்றினார். ஸ்பீக்கர் பெட்டியை மாற்றினார். "மன்னிச்சுக்குங்க சார், இப்பதான் நல்லா இருந்துச்சு. உள்ள ஏதோ விட்டுப்போச்சு போல" என்று ஸ்க்ரூ டிரைவர் தேடினார்.

கையில் வாங்கியதுமே பழக்கதோஷத்தில் விரல் குமிழைத் திருகி அணைத்திருந்தது நம்மவருக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் மானம் போகும். "மலிவு சாமான் இப்படித்தான் இருக்கும். விடுங்க, வேண்டாம்" என்று நல்லபிள்ளையாக எழப் பார்த்தார். கை விட்டதும் பேஸ் தலைகுப்புறச் சாய்ந்தது. இணையத்தில் எழுதியவன் பொய் சொல்லவில்லை.

மனைவி அதைத் தாங்கிப் பிடித்தாள். பிடித்த கையோடு குமிழைக் கடைசிவரை திருகிவிட்டாள்.

"இப்ப வாசிங்க."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு கச்சேரிக்கும் முன் வரிசையில வந்து உக்காருறேனே, எதுக்கு? ஒரு தடவையாவது உங்க சத்தம் கேக்குமான்னுதான். மத்த ரெண்டு பேர் வாசிக்கிறது எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார். பல்செட்டுக்காரருக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. அதே சமயம், தன்னைக் கேட்கவென்று ஓர் ஆள் இத்தனை நாள் காத்திருந்ததை நினைத்து அழுகையும் வந்தது. முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினார்.

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தப்பான இடத்துல விரலை வச்சுட்டேன்" என்றார் அசடு வழிய.

"கேட்டுச்சு" என்றாள் அவள். அவள் குரலும் சரியாக இல்லை. கடைக்காரர் பக்கம் திரும்பி, "இதையே கட்டிக் குடுங்க" என்றாள்.