தகரக் கூரைக்குக் கீழே சத்தப் பாடம்

ஸ்டெபானிக்கு மழையைக் கண்டு பயமில்லை. பயமெல்லாம் பள்ளிக்கூட அதிபர் இராமசாமிக்குத்தான். தெரணியகலைக்கு மேலே, றப்பர் தோட்டத்துக்குள் இருந்த அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கத் தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. மற்ற வகுப்புகளில் பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைத்துவிட்டு ஆசிரியர்களும் வேடிக்கை பார்ப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் கொட்டித் தீர்க்கிற ஊரில் இதென்ன வழக்கம் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். அதனால் அவள் வகுப்புக்கு மட்டும் மழைக்கென்று தனிப் பாடம் ஒன்று வைத்திருந்தாள்.

அவள் இன்னும் நியமனம் கிடைக்காத தொண்டர் ஆசிரியை. ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ். வியாழக்கிழமை மாவனல்லையிலிருந்து ஆசிரிய ஆலோசகர் வருகிறார் என்று தெரிந்ததும் இராமசாமி அவளைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்த மேடம் ஒங்க பாடத்தக் கேட்டு, சரின்னு சீல் குத்தினாத்தான் நியமனம். அது குடுக்குறதும் இந்த மாசத்தோட முடிஞ்சிரும். இல்லாட்டி நீங்களும் ஒங்க அம்மாவோட விடியப் பெரட்டுக்குப் போயி பேர் குடுத்து றப்பர் பால் வெட்டத்தான் நிக்கணும். புஸ்தகத்தப் பாத்து வாசிக்க வைங்க, போதும்."

"பாடமே சத்தத்தக் காட்டுற இங்கிலீஷ் வார்த்தைகதான் சேர். அத சும்மா வாசிச்சா என்னாங்க இருக்கு?"

"இங்கிலீஷ்காரன் வீட்டுச் சத்தம் நம்ம புள்ளைகளுக்கு எங்கங்க தெரியும்?"

"கதவு எல்லா ஊர்லயும் கதவுதாங்க சேர்."

இராமசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். நியமனத்தின் மேல் அவளுக்கு ஆசை மலையளவு இருந்தது. ஆசை இருந்தால் கூடவே நடுக்கமும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவளுக்கு அது பிடிபடவேயில்லை.

வியாழக்கிழமை ஆலோசகர் கைருன்னிஸா வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். சிரிக்காத முகம். பாடம் ஆரம்பமானது.

"சிரட்டையில பால் விழுற சத்தம்?"

"ட்ரிப், ட்ரிப்!"

"பலாப்பழம் விழுந்தா?"

"தட்!"

"லயத்து வீட்டுக் கதவு?"

"க்ரீக்" என்று பிள்ளைகள் இழுத்த இழுப்பில் எண்ணெய் காணாத கீல் தோற்றுப்போயிருக்கும். கைருன்னிஸா பேனையைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்மலையின் றப்பர் இலைகளில் மழை இரைந்துகொண்டு வந்தது. பால் வெட்டும் பெண்கள் வாளிகளோடு ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. அடுத்த நிமிஷம் கூரையில் கொட்டு கொட்டென்று கொட்டியது.

கைருன்னிஸா ஏதோ சொன்னார். வாய் அசைந்ததுதான் தெரிந்தது. பேனையை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, காரியாலயப் பக்கம் கையைக் காட்டினார். இராமசாமி ஏற்கெனவே குடையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றார், மனுஷனுக்கு அவ்வளவு அவசரம்.

பொய் சொல்வானேன், ஸ்டெபானிக்கும் அப்போது பயம் வந்தது. இந்த அம்மா வாசலைத் தாண்டினால் இனி இந்த மாசம் வரப்போவதில்லை. பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. போயும் போயும் இந்த மழையிடமா தோற்பது? இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.

மழைப் பாடத்துக்கான அந்தச் சைகை பிள்ளைகளுக்குப் போதும். கொப்பியும் பென்சிலும் கைக்கு வந்தன. கலைச்செல்வி எழுந்து முன்னால் வந்து, இல்லாத ஒரு கதவை மெல்லத் தள்ளினாள். தள்ளத் தள்ளப் பல்லைக் கடித்தாள், ஒரு கண்ணை மூடினாள், தோளைக் காதுவரை தூக்கினாள். வகுப்பு குனிந்து எழுதிக் கொப்பிகளைத் தூக்கிப் பிடித்தது. எல்லாவற்றிலும் 'க்ரீக்'. வாசலில் கைருன்னிஸாவின் கால் நின்றது.

அடுத்து சசி. தரையில் படுத்து நெற்றியைத் துடைத்தான், அண்ணாந்து பார்த்தான், தள்ளிப் படுத்தான், மறுபடியும் துடைத்தான். கடைசியில் எழுந்து போய் இல்லாத ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினான். கொப்பிகள் எழுந்தன: 'ட்ரிப்'. தோட்டத்து லயத்து வீடுகளில் ஒழுகாதது எது? கைருன்னிஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பையை வாங்கில் போட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

தன் முறை என்று பிள்ளைகளுக்குச் சைகை காட்டினார். கைக்குள் அடங்குகிற எதையோ எடுப்பதுபோல் எடுத்தார். அதன் அடிப்பக்கத்தில் வாயைக் குவித்து ஊதினார். ஸ்டெபானியை நேராகப் பார்த்தபடி கையை ஓங்கி மேசையில் இறக்கினார்.

பிள்ளைகள் யோசித்து எழுதினார்கள். பெரும்பாலும் 'தட்'. மூன்று நான்கு கொப்பியில் 'பேங்'. உடனே விரலை ஆட்டி ஒருவரோடொருவர் சண்டைக்கு நின்றார்கள். வாசலில் இராமசாமிக்கு அது எந்தச் சீல் என்று விளங்கிவிட்டது. விரித்த குடையை அப்படியே கீழே விட்டுவிட்டார்.

ஸ்டெபானி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலைத் தூக்கினாள்: இன்னொருமுறை, பிள்ளைகளுக்குச் சந்தேகம். கைருன்னிஸா தலையை ஆட்டிவிட்டு, இந்தத் தடவை மேசையே அதிரும்படி இறக்கினார். கூரை இடிந்துவிடும்போல மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்த ஒரு சத்தம் ஸ்டெபானிக்குத் தெளிவாகக் கேட்டது.