சத்தமில்லாத குஸ்தி

மைசூருக்கு முதன்முதலாகப் பிளேக் வந்த வருஷம், மண்டி மொஹல்லாவில் எலி செத்து விழாத வீடு என்று ஒன்று இருந்திருந்தால் அது எலியே இல்லாத வீடாகத்தான் இருந்திருக்கும். அரிசி மண்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது? வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே போங்கள் என்று தண்டோரா போட்டார்கள். எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மைதானத்தில் போட்ட கொட்டகைகள் போட்ட வேகத்தில் நிரம்பிவிட்டன. வண்டி வைத்திருந்தவன் போனான். வெளியூரில் மாமியார் வீடு வைத்திருந்தவன் போனான். மிச்சப்பட்டவர்கள் செத்த எலியைக் குச்சியால் வெளியே தள்ளிவிட்டு அதே வீட்டில் சோறு பொங்கித் தின்றார்கள்.

அந்த மிச்சத்தில் ஒருவன் மாரிசாமி. மார்டள்ளிக்காரன். மண்டியில் மூட்டை தூக்க வந்தவனுடைய தோளைப் பார்த்து மொஹல்லாக்காரர்கள் அவனைக் கரடிமனைக்குள் இழுத்துக்கொண்டார்கள். கன்னடத்தில் குஸ்திக் கூடத்துக்கு அதுதான் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் அவன் பெண்டாட்டி வள்ளியாத்தாள், தன் புருஷன் விடிந்ததும் கரடி வீட்டுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டுச் சோறு இறங்காமல் கிடந்தாள் என்று தெருவே சொல்லிச் சிரிக்கும்.

சொந்த ஊருக்கே போயிருக்கலாமே என்று கேட்கலாம். மார்டள்ளி அன்றைக்குக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, வெள்ளைக்காரன் சீமை. மைசூரிலிருந்து வருகிறவனை எல்லையிலேயே நிறுத்திக் கொட்டகையில் அடைத்துவிடுவார்கள். அப்படி அடைபட்ட ஊர்க்காரன் கரியப்பன் குடும்பத்தில் யார் மிஞ்சினார்கள் என்றுகூடத் தகவல் இல்லை. பக்கத்து வீட்டுக் கௌரம்மாவை வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். மறுநாள் வள்ளியாத்தாளின் அடுப்படியிலேயே ஓர் எலி சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. மூன்று வயது மகள் பழனாத்தாள் அதன் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினாள். அன்று முழுக்க வள்ளியாத்தாள் கட்டி வந்திருக்கிறதா என்று குழந்தையின் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வீட்டில் இனி ஓர் இரவு படுத்தால் பிள்ளை தங்காது என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் குஸ்தி வந்தது. வருஷாவருஷம் மாரியம்மனுக்கு நேர்ந்து நடத்தும் குஸ்தி அது. நிறுத்தினால் இருக்கிற கோபம் போதாதென்று ஆத்தாளுக்கு இன்னும் கோபம் வரும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். கூட்டம் கூடினால் நோயும் கூடும் என்று டாக்டர் பயந்தார். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குஸ்தி நடக்கட்டும், பார்க்க ஆள் வேண்டாம். ஆத்தா ஒருத்தி பார்த்தால் போதாதா?

மண்டி முதலாளி கேசவமூர்த்தி அந்த வருஷப் பரிசை மாற்றினார். நஞ்சன்கூடு சாலையில் மேட்டு நிலத்தில் அவர் தம் உறவுக்காரர்களுக்காகக் குடிசைகள் போட்டிருந்தார். எலி நடமாட்டம் இல்லாத இடம், பக்கத்திலேயே கிணறு. அதில் ஒன்று பாக்கி இருந்தது. ஜெயிக்கிறவன் தன் குடும்பத்தோடு அதில் போய் இருந்துகொள்ளலாம் என்றார். தங்கக் காப்பு தருகிறேன் என்றிருந்தால்கூட அந்த வருஷம் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாரிசாமிக்கு எதிரே நிறுத்தப்பட்டவன் வேறொரு கூடத்து லிங்கப்பன். நல்ல ஆள், நல்ல பிடி. அவன் பெண்டாட்டி மல்லம்மா மார்டள்ளிக்குப் பக்கத்தில் கொள்ளேகாலத்துக்காரி. சந்தையில் பார்த்தால் வள்ளியாத்தாளோடு நின்று ஊர்ப்பேச்சுப் பேசுவாள். அவளுக்கு மடியில் ஒரு கைக்குழந்தை.

குஸ்தி அன்று மத்தியானம் கோதாவின் மதில் வாசலில் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நாக்கை நீட்டச் சொன்னார், அக்குளைத் தடவிப் பார்த்தார். லிங்கப்பன் வந்ததிலிருந்து வாசலிலேயே தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் கை வைத்த டாக்டர், சுடுகிறதே என்றார். தண்டால் எடுத்த உடம்பு சுடாமல் குளிருமா சாமி என்று லிங்கப்பனுக்குக் குஸ்தி பழக்கிய வஸ்தாது சிரித்தார். டாக்டருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பயில்வான்களும், இரண்டு வஸ்தாதுகளும், கேசவமூர்த்தியும், டாக்டரும் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். வெளியே ஒரு போலீஸ்காரன் நின்றான். சற்றுத் தள்ளிப் புங்க மரத்தடியில் வள்ளியாத்தாளும் மல்லம்மாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள்.

பெண்கள் கோதாப் பக்கம் போகிற வழக்கம் இல்லை. ஆனாலும் வள்ளியாத்தாள் ஒரு குஸ்தியையும் விட்டதில்லை. வீட்டிலிருந்தபடியே காதால் பார்ப்பாள். கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்தால் யாரோ யாரையோ தூக்கிவிட்டான். சீட்டி பறந்தால் பிடி நழுவிவிட்டது. சிரிப்புக் கேட்டால் இரண்டு பேரும் சும்மா சுற்றி வருகிறார்கள். இன்றைக்கு இத்தனை பக்கத்தில் உட்கார்ந்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற அடையாளமே இல்லை. ஆரம்பித்துவிட்டார்களா, இன்னும் மண் பூசிக்கொண்டிருக்கிறார்களா, அவன் மேலே இருக்கிறானா கீழே கிடக்கிறானா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு.

மல்லம்மா அழுதுகொண்டிருந்தாள். வந்ததிலிருந்தே அழுகை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் கண்ணில் நீர் நிற்கவில்லை. தோற்றுவிடுவோம் என்று அழுகிறாள் என்றுதான் வள்ளியாத்தாள் நினைத்தாள். எதிராளியின் பெண்டாட்டி அழுதால் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழந்தை பாலை விட்டுவிட்டுப் பொக்கை வாயால் அவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது. வள்ளியாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை.

“அழுவாத மல்லம்மா. ஒரு குடுசைல ரெண்டு குடும்பம் படுத்தா இடிஞ்சா போயிரும்? நாங்க செயிச்சா நீங்களும் வந்துருங்க. நீங்க செயிச்சா எம் புள்ளய மட்டுமாச்சும் சேத்திக்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.”

இதைக் கேட்டதும் மல்லம்மா அழுகையை நிறுத்தினாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“எங்கள உங்கூடச் சேத்தாதக்கா. அவருக்கு நேத்தே காச்சல் வந்துருச்சு. கவட்டைல கட்டி.”

கச்சையை இறுக்கிக் கட்டிக் கட்டியை மறைத்திருந்தான் லிங்கப்பன். சூட்டை மறைக்கத்தான் தண்டால். நான் எப்படியும் போய்விடுவேன், போவதற்குள் உங்களுக்கு ஒரு கூரை வைத்துவிட்டுப் போகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். எல்லாவற்றையும் மல்லம்மா மளமளவென்று சொல்லி முடித்தாள். இத்தனை நேரம் நெஞ்சில் வைத்திருந்த பாரத்தை இறக்கியதில் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அது வள்ளியாத்தாளின் தலையில் ஏறியது.

அடிக்கக் கை ஓங்கினாள். குழந்தை நடுவில் இருந்தது. கையை இறக்கிக்கொண்டாள். இவளைக் கொன்றால் என்ன என்று வந்தது. தன் வீட்டில் இப்படி ஆகியிருந்தால் தானும் இதையேதான் செய்திருப்போம் என்றும் வந்தது. அப்படித் தோன்றியதில் ஆத்திரம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. போலீஸ்காரனை நோக்கி இரண்டடி வைத்தாள்.

“சொல்லு. போய்ச் சொல்லு,” என்றாள் மல்லம்மா. “உன் ஊட்டுக்காரரும் தொட்டாச்சு. ரெண்டு பேரையும் ஒரே வண்டில ஏத்துவாங்க.”

வள்ளியாத்தாள் நின்றுவிட்டாள். அந்த வண்டியை அவளுக்குத் தெரியும். கௌரம்மா செத்த அன்று அவள் வீட்டில் மிச்சம் இருந்தவர்களைப் பிளேக் கொட்டகைக்கு ஏற்றிப் போன வண்டிதான். அதில் ஏறியவர்களில் திரும்பி நடந்து வந்தவர் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

ஆனால் இன்னும் ஆரம்பிக்காமல் இருந்தால்? இப்போதுதான் கை கோத்திருந்தால்? தொட்டவன் எல்லாம் சாகிறானா என்ன? கௌரம்மாவின் பிணத்தைக் குளிப்பாட்டியவள் இன்னும் நடமாடிக்கொண்டுதானே இருக்கிறாள். கட்டிப் புரளாமல், அவன் மூச்சு இவன் முகத்தில் படாமல், சட்டென்று தோற்று எழுந்து வந்துவிட்டால் போதும். வேப்பிலைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்துவிடலாம். குடிசை போனால் போகட்டும், மரத்தடியில் கிடக்கலாம். காலையில் அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஆத்தாளுக்கு முடி நேர்ந்தவள், இப்போது அவனைக் கீழே தள்ளு தாயே என்று அதே ஆத்தாளைக் கெஞ்சினாள்.

மதிலடிக்கு ஓடினாள். மண் மதில், ஆள் உயரத்துக்கும் மேலே. “ஏனுங்க” என்று கூப்பிட்டாள். “ஏனுங்க, ஏனுங்க.” உள்ளே இருக்கிற ஆண்களில் எவனுடைய பெண்டாட்டியும் எவனையும் அப்படித்தான் கூப்பிடுவாள். யாரும் காதில் வாங்கவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தாலி ஏறிய நாளிலிருந்து அவள் அதை வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரில் மாரி இருக்கிறாள் என்பதற்காக, மாரியம்மன் கோயிலைக்கூட ஆத்தா கோயில் என்றே சொல்லிப் பழகியவள்.

“மாரிசாமீ!”

அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. மறுபடியும் கத்தினாள். மூன்றாவது தரம் தொண்டை கிழியக் கத்தினாள். வேறு கூச்சல் இல்லாத கோதாவில் அந்தப் பெயர் தெளிவாகப் போய் விழுந்திருக்கும். அடுத்துச் சொல்ல வேண்டியதற்காக மூச்சை இழுத்தாள். விட்டுருங்க, அவனைத் தொடாதீங்க, தோத்துட்டு வந்துருங்க.

அந்த வார்த்தைகள் வெளியே வரவில்லை. குழந்தையை மரத்தடியில் போட்டுவிட்டு ஓடி வந்த மல்லம்மா அவள் வாயைப் பொத்திவிட்டாள். இருவரும் புழுதியில் விழுந்தார்கள். வள்ளியாத்தாள் அந்தக் கையைக் கடித்தாள். வாயில் ரத்தம் கரித்தது. மல்லம்மா கையை எடுக்கவில்லை. கெஞ்சிக்கொண்டே பொத்தினாள், என் பிள்ளையைப் பார் அக்கா, என் பிள்ளையைப் பார் என்று. போலீஸ்காரன் ஓடி வந்தான். புருஷன்மார் உள்ளே சண்டை, பெண்டாட்டிமார் வெளியே சண்டை என்று கன்னடத்தில் வைதுகொண்டே தடியை நடுவில் விட்டு விலக்கினான். வள்ளியாத்தாளை மதிலை விட்டு விரட்டி மரத்தடியில் உட்கார வைத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் தடி நிமிர்ந்தது. அவனிடம் சொன்னால் வண்டி வரும். சொல்லாவிட்டால் உள்ளே என்ன ஆகிறதென்று தெரியாது. மகளை மடியில் அழுத்திக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

வெகு நேரம் கழித்துத் தாழ் எடுக்கும் சத்தம் கேட்டது.

முதலில் லிங்கப்பனைக் கொண்டுவந்தார்கள். வஸ்தாது தோளில் தாங்கியிருந்தார். அவன் கால்கள் தரையில் இழுபட்டன. குஸ்தியில் அடிபட்டவன் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். மல்லம்மா பிள்ளையை வாரிக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு மாரிசாமி வந்தான். தலையிலிருந்து கால்வரை செம்மண். நெஞ்சிலும் கழுத்திலும் அந்த மண் குழம்பிச் சேறாக ஒட்டியிருந்தது. அது முழுக்க அவன் வேர்வை மட்டும் இல்லை என்று வள்ளியாத்தாளுக்குத் தெரிந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“செயிச்சாச்சு புள்ள. குடுசை நம்முளுது. இப்பவே கிளம்பலாம்.”

அவள் எழுந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ கூப்புடாட்டி நான் தோத்திருப்பேன்,” என்றான் அவன். “அவன் ஒடம்பு அடுப்பாட்டம் கொதிச்சுது. எனக்கு என்னமோ பண்ணிருச்சு. குடுசையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், விட்டுப்போட்டு எந்திரிச்சரலாம்னு கைய எடுத்துட்டேன். அப்பத்தான் எம் பேரச் சொன்ன. நீ! ஒரு நாளும் சொல்லாதவ.” மண் படிந்த முகத்தோடு சிரித்தான். “அதக் கேட்டதுக்கப்புறம் எப்படி விடறது? இறுக்கிக் கட்டிப் புடிச்சேன். அவன் மூச்சு அடங்கற வரைக்கும் விடவேயில்ல.”

கிட்டே வராதே என்று சொல்ல வேண்டும். குழந்தையைத் தொடாதே என்று சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய மதிலைத் தாண்டிய குரல் இப்போது அவளுக்குள் எங்கே போனதென்று தெரியவில்லை. பழனாத்தாள் அதற்குள் அவள் பிடியிலிருந்து நழுவி, அப்பா என்று கத்திக்கொண்டு ஓடினாள். மாரிசாமி குனிந்து மகளைத் தூக்கி, தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.