பயிற்சியாளர் தாட்சர் இரண்டு முறை சுற்றினார்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மார்ச் மாதக் குளிரில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கிழவர் தன் தள்ளுவண்டியால் என் தள்ளுவண்டியை இடித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றினார், தலையை ஆட்டினார், போய்விட்டார். என் முட்டைகள் உடைந்திருந்தன. வீட்டுக்கு வந்த கோபத்தில் அவருக்கு எல்வுட் தாட்சர் என்று பெயர் வைத்து, ஒரு கல்லூரியில் பாய்மரப் படகுப் பயிற்சியாளர் வேலையும் போட்டுக் கொடுத்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.
முதல் வரி: எல்வுட் தாட்சர் கடலைக் காதலித்—

வேண்டாம். கடலைக் காதலிப்பவர்கள் கோடையில் மட்டும் வருகிறவர்கள். ஏப்ரலில், விரல் விறைத்துக் கயிறு பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் மோட்டார் படகில் அலைகிறவருக்குக் கடல் ஒரு தொல்லை.

இரண்டாம் முயற்சி: தாட்சருக்கு வாழ்க்கையில் தெரிந்தது ஒரே ஒரு விதி.

இது இருக்கட்டும். கல்லூரிப் பந்தயங்களில் பெரும்பாலும் தண்ணீரில் நடுவர் கிடையாது. அடுத்த படகின் வழியை மறித்துவிட்டால் நீயே ஒதுங்கி, உடனே, உன் படகை இரண்டு முறை சுற்ற வேண்டும். சுற்றினால் கணக்குத் தீர்ந்தது. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சுற்றாவிட்டால் பாதிக்கப்பட்டவன் அங்கேயே "புரொடெஸ்ட்!" என்று கத்திப் புகார் சொல்வான். கரைக்கு வந்ததும் விசாரணை. விசாரணையில் பேசியாக வேண்டும்.

தாட்சருக்குப் பேச்சு வராது. சுற்றத்தான் வரும்.

3.
அவருடைய உத்தியோக வரலாறு. வேலையில் சேர்ந்த முதல் வாரமே, படகு ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது டீன் வீட்டு வேலியைச் சாய்த்தார். டீன் கிம்பல் அம்மையார் இரவு உடுப்போடு ஓடி வந்தார்.

"என்னய்யா இது, என் வேலி!"

தாட்சர் இறங்கி இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"முடிஞ்சு போச்சு மேடம்."

"எது முடிஞ்சுது? வேலி கீழ கெடக்கு!"

"வேலி கெடக்கு. விஷயம் முடிஞ்சுது."

[அடிக்குறிப்பு: இவ்வளவு தன்னம்பிக்கை உள்ள ஆளை வேலையை விட்டு அனுப்ப டீனுக்குத் தைரியம் வரவில்லை. தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்.]

பழக்கம் பரவியது. சாப்பாட்டுக் கூடத்தில் காதலர்கள் சுற்றினார்கள். தத்துவப் பேராசிரியர் ஒருவர் துறைக் கூட்டத்தில் சுற்றி, தலை கிறுகிறுத்து விழுந்தார். கோப்பைகளும் வந்தன; தாட்சரின் மாணவர்களைப் போல வேகமாகப் படகைச் சுற்ற வேறு எந்தக் கல்லூரியாலும் முடியவில்லை. அவருடைய மனைவி அவரை விட்டுப் போன காலையில், பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, வாசலில் நின்று அவளும் இரண்டு முறை சுற்றினாள். தாட்சர் தலையாட்டினார். விதிப்படி அதற்குமேல் பேச்சில்லை.

(சிரிக்கத்தான் இதை எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு அந்த ஆள்மேல் பரிதாபம் வந்துவிட்டது. முட்டையைக்கூட மன்னித்துவிட்டேன்.)

4.
மகள் மெரடித்தின் கல்யாணத்தன்று தாட்சர் பந்தயத்தில் இருந்தார். காற்று நின்றுவிட்டது. இதோ வரும், இதோ வரும் என்று மோட்டார் படகில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தார். இருட்டும்வரை காற்று வரவில்லை, பந்தயமே நடக்கவில்லை. மறுநாள் அவள் வீட்டு வாசலில் போய்ச் சுற்றினார். அவள் கதவைச் சாத்தினாள்.

வருடங்கள் போயின. தாட்சர் ஓய்வுபெற்ற வாரம் மெரடித் போன் செய்தாள்.

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. படகுத்துறைக்குக் கொண்டு வர்றேன். வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, உங்க கையில குடுக்கறேன். இல்லேன்னா இதுதான் கடைசி."

5.
படகுத்துறை. மெரடித் குழந்தையைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். தாட்சர் எதிரே வந்து நின்றார். கால்கள் சுற்றத் தொடங்கின.

(நான் தடுத்துப் பார்த்தேன். என் பேச்சை அவர் எப்போது கேட்டார்?)

"அப்பா, நிறுத்துங்க! லேட்டாச் சுத்தினா செல்லாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

ஒன்றரைச் சுற்றில் தாட்சர் நின்றார். முகம் கடலுக்கு, முதுகு மகளுக்கு.

"நீயும் அப்பவே புரொடெஸ்ட்னு கத்தலியேம்மா," என்றார் கடலைப் பார்த்து. "அதுவுந்தான் செல்லாது."

"கத்தினேன்ப்பா. சர்ச் வாசல்ல, கல்யாணக் கவுனோட நின்னு கத்தினேன். கூப்பிடு தூரத்துல நீங்க இல்ல."

விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. கேட்காத தூரத்தில் இருப்பவனைப் பார்த்துக் கத்த வேண்டியதே இல்லை; பிறகு, வாய்ப்புக் கிடைத்ததும் சொன்னால் போதும். ஆக, புகார் செல்லும். விசாரணை உண்டு. பேசியாக வேண்டும்.

6.
முடிவு. மெரடித்தும் மனமிரங்கி, குழந்தையோடு சுற்ற ஆரம்பித்— குழந்தை கக்கிவிடும், வேண்டாம்.

திடீரென்று நல்ல காற்று எழும்ப, அவர் படகை நோக்கி ஓ— ஓடினால் நானே அவரைத் தண்ணீரில் தள்ளிவிடுவேன்.

அப்புறம், அவர் உருக்கமாக ஒரு வசனம் பேசுவதாக எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டேன். அது என்னுடைய வசனம். அவள் கேட்டது அவருடையதை.

எல்வுட் தாட்சர் அங்கேயேதான் நிற்கிறார். அரைச் சுற்று பாக்கி. இடது பக்கம் திரும்பினாலும் வலது பக்கம் திரும்பினாலும் அவள் முகத்துக்கு நேரேதான் போய் நிற்க வேண்டும். என்னால் அவரைத் திருப்ப முடியவில்லை. நீங்கள் திருப்புங்கள். சீக்கிரம், குழந்தைக்குக் குளிர்கிறது.