களையைப் பிடுங்கக் கேட்டவள்

சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். முடியளவு பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணுக்குக் குழுவில் பாடும் லாரி ஓட்டுநரைக் கண்டாலே ஆகாது.

அவன் போன ஆண்டு மனைவியோடு குழுவில் சேர்ந்தான். மனைவிக்கு நல்ல குரல். அவனுக்கோ, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன சனிக்கிழமை பயிற்சிக்குக் குடித்துவிட்டு வந்து, பாதிப் பாட்டில் மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து தானும் விழுந்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அவள் நேராகப் பாஸ்டரிடம் போனாள். அவர் வயதில் அவளைவிடச் சின்னவர். கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளைக் குழுவுல இருந்து எடுத்துடுங்க பாஸ்டர். இல்லன்னா நான் போயிடுறேன்."

"அக்கா, இந்த ஞாயிறு பெரியவங்க வகுப்பை நீங்க எடுக்கணுமே. இயேசு ஏன் உவமையா பேசினார்ங்கிறதுதான் தலைப்பு. கோதுமையும் களையும் கதையை வச்சுக்குங்க."

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"முதல்ல வகுப்பை எடுங்க. அப்புறமும் அவரை எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடுத்துடலாம்" என்று அவர் சிரித்தார்.

எரிச்சலோடுதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். 'எல்லோருக்கும் எளிதில் புரிவதற்காகவே உவமைகளில் பேசினார்' என்று எழுதினாள். வேலை முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் வேதத்தில் அந்தக் கதை வரும் அதே அதிகாரத்தில் சீஷர்களே வீட்டுக்குள் வந்து அர்த்தம் கேட்கிறார்கள். கேட்டும் உணராதவர்கள் உண்டு என்று இயேசுவே சொல்கிறார். எளிதில் புரிவதற்கு ஏன் இத்தனை பாடு? எழுதியதை அடித்தாள்.

கதை சின்னதுதான். ஒருவன் நல்ல கோதுமையை விதைத்தான். பகைவன் வந்து நடுவில் களையை விதைத்துவிட்டுப் போனான். இரண்டும் முளைத்தன. பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர்கள் கேட்டார்கள். வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்புவரை இருக்கட்டும் என்றான் எஜமான்.

தான் கோதுமை, ஓட்டுநர் களை. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. புதன்கிழமை இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதுதான் சுரீரென்றது. அந்தக் கதையில் கோதுமை பேசவே இல்லை. பிடுங்கட்டுமா என்று கேட்டவர்கள் வேலைக்காரர்கள். அது அவளுடைய குரல். கையிலிருந்த லென்ஸ் அளவுக்கு மேல் தேய்ந்து வீணாய்ப் போனது.

சனிக்கிழமை ஓட்டுநரின் மனைவி தனியாக வந்தாள்.

"அவர் எங்கே?"

"வெக்கமா இருக்காம், வரமாட்டேங்கிறாரு. பயிற்சி இருக்குன்னுதான் அக்கா வாரத்துல இந்த ஒரு நாளாவது குடிக்காம இருப்பாரு. போன வாரம் அதுவும் முடியல." கொஞ்சம் தயங்கினாள். "இனிமே நானும் வருவேனான்னு தெரியல."



ஞாயிறு வகுப்பில் அவள் நோட்டைத் திறக்கவில்லை.

"பொறுமையா இருன்னு யாராவது நேரா சொல்லியிருந்தா, நான் பத்து பதில் சொல்லியிருப்பேன். கதைகிட்ட எப்படி மல்லுக்கு நிக்குறது? கேட்டுக்கிட்டு இருக்கும்போதே உள்ளே இழுத்து நம்மளை ஒரு இடத்துல நிறுத்திடுது. எங்க நிக்குறோம்னு பாத்தா புரியும். பாக்கலைன்னா அது வெறும் வயல் கதை. அதுக்காகத்தான் உவமையா சொன்னாருன்னு நினைக்கிறேன்."

ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் கையைத் தூக்கினார். "அப்போ தப்பு பண்றவனைக் கேக்கவே கூடாதாம்மா?"

"கேக்கலாம் சார். நான் கேக்கத்தான் போறேன். பிடுங்கிப் போடுறதுதான் நம்ம வேலை இல்ல."

அன்று மாலை ஓட்டுநர் வீட்டு வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான்.

"குடிச்சிட்டு வந்தா உள்ளே விடமாட்டேன்" என்றாள். "குடிக்காத நாள்ல வராம இருந்தா வீட்டுக்கே வந்து சண்டை போடுவேன்."

"என் குரலைக் கேக்க சகிக்காதே அக்கா."

"சகிக்காதுதான். மெதுவா பாடுங்க."

அவன் சிரித்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை வந்தான். அதற்கடுத்த வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் தலையைக் குனிந்தபடி வந்து, பின்வரிசையில் மனைவியின் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, குழுத்தலைவி பாட்டைத் தொடங்கினாள்.