கையை எடுக்கும்வரை

இசொகாயின் கை அந்தப் பெட்டியை நோக்கிப் போவதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் கை போகிற இடத்தில்தான் எப்போதும் ஏதாவது இருக்கும், எனக்கு அது போதும். குனிந்து, ஒரு கத்தை இசைத்தட்டுகளை அப்படியே அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டேன். அவருடைய விரல்கள் பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டு நின்றன. கோபப்பட வேண்டாமா? "நீங்க பாருங்க, நீங்க பாருங்க" என்று தலைகுனிந்து ஒதுங்கினார். இதுதான் எனக்கு ஆகாது. முறைத்தாலாவது பதிலுக்கு முறைக்கலாம்.

கமோஷிதாவின் கடை ஜிம்போச்சோவில், பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே, ஒரு சின்ன உணவகத்தின் மாடியில் இருக்கிறது. ஜாஸ் தட்டுகள் மட்டும்தான். சனிக்கிழமை காலையில் புதுச் சரக்கு இறங்கும். கடை திறப்பதற்கு வெகுநேரம் முன்பே நாங்கள் படிக்கட்டில் வரிசையாக நிற்போம், கீழேயிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை ஏறிவரும். தட்டுகள் அடுக்கிய பெட்டிகளை எங்கள் ஆட்கள் தீனிப்பெட்டி என்பார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று கொத்துவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். எழுதி ஒட்டாத ஒரு சட்டம் அங்கே உண்டு. கையில் இருக்கிறவரை உன்னுடையது, கையை எடுத்துவிட்டால் யாருடையதும். அதற்கு மேல் பேச்சில்லை. கமோஷிதாவே அதில் தலையிட மாட்டார்.

அந்தக் கடைக்கு வருகிற ஒரே பெண் நான். முதல் சில வருஷம் எல்லோரும் என்னை வீட்டுக்காரருக்கு வாங்கிப்போக வந்தவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீட்டுக்காரரே கிடையாது. வாரம் முழுக்க ரயில் நிலையத்து மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மற்றவர்கள் இருமலுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமை எனக்கு.

இசொகாய் ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும். நான் மூன்று ஊர் சுற்றித் தேடின தட்டு, அவர் முடிவெட்டப் போன இடத்தில் மூலையில் கிடக்கும். யாரோ ஒரு சேகரிப்பாளர் செத்துப்போனால், இழவுக்குப் போன நூறு பேரில் இவரைப் பார்த்துத்தான் அந்த வீட்டம்மா "நீங்க கொஞ்சம் எடுத்துட்டுப் போங்களேன்" என்பாள். இவர் கேட்கவே மாட்டார். கேட்காமலே கிடைக்கிறவனைப் பார்த்தால், கேட்டும் கிடைக்காதவளுக்கு வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிந்தது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஹாச்சியா என்று ஒரு பியானோக்காரர், வடக்கே ஹகொதாதேயில் ஒரு குளிர்கால மாலை, ஒரு காபிக்கடையில் வாசித்ததை ஒலிப்பதிவு செய்து சிநேகிதர்களுக்கென்று கொஞ்சம் தட்டுகள் அடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை. மருந்தியல் படித்த காலத்தில் அதே ஊரில் ஒரு கடையில் அதை ஒரே ஒரு தடவை கேட்டேன். நடுவில் யாரோ கதவைத் திறக்கிற சத்தம் வரும். காலில் ஒட்டின பனியைத் தட்டுகிற சத்தம். ஹாச்சியா மேலே போகாமல் ஒரே சுரத்தை மெல்லத் தட்டிக்கொண்டிருப்பார். வந்தவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்த பிறகுதான் பாட்டு நகரும். முன்பின் தெரியாத ஒருத்தருக்காகப் பாட்டை நிறுத்திவைத்துக் காத்திருந்த மனுஷனை அதற்குப் பிறகு நான் எங்கேயும் சந்திக்கவில்லை.

பல வருஷத்துக்கு முன் அதன் உறை மட்டும் கமோஷிதாவிடம் கிடைத்தது. பனியில் டிராம் தண்டவாளம், கறுப்பு வெள்ளைப் படம். "உள்ள இருக்கறது வேற தட்டும்மா, ஏதோ ஹவாய் கிட்டார்" என்று சொல்லித்தான் மலிவாகக் கொடுத்தார். வடக்கே ஏதோ ஒரு காபிக்கடையில் யாரோ அவசரத்தில் உறை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஹவாய் தட்டை எரியாத குப்பை எடுக்கிற நாள் வந்ததும் வெளியே வைத்துவிட்டேன். பெயரைக்கூடப் படிக்கவில்லை. உறையை மட்டும் அலமாரியில் நிறுத்திவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ் சாப்பிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தேட ஆரம்பித்துவிடுவார்கள், தேட ஆரம்பித்தால் இசொகாய்க்குக் கிடைத்துவிடும்.

அன்று அள்ளின கத்தையோடு மூலைக்குப் போய்ப் புரட்டினேன். வேண்டாததைச் சீக்கிரம் திருப்பி வைப்பது மரியாதை. வடக்கே மூடப்பட்ட ஏதோ கடையின் சரக்கு, பிரிக்காமல் வந்திருந்தது. எல்லாம் என்னிடம் இருந்தவை, அல்லது யாருக்கும் வேண்டாதவை. நடுவில் ஒன்று: தென்னை மரம், கடற்கரை, நீச்சலுடையில் பல்லைக் காட்டுகிற ஒருத்தி. ஹவாய் கிட்டார். ஜாஸ் கடையில் இதற்கென்ன வேலை? இசொகாய் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தாங்க இசொகாய்-சான், இது உங்களுக்குத்தான் பொருத்தம். வயசான காலத்துல பாத்துட்டு இருக்கலாம்."

படிப்பக்கம் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் தவளை அதோடு நிற்காமல் பாம்பின் வாயில் தானே போய் உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் இசொகாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தட்டாக இருந்தாலும், குப்பையாக இருந்தாலும், உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். நாங்கள் எல்லோரும் அதைக் கேலி செய்வோம். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றால் பொழுது விடிந்துவிடும் என்போம். நீச்சலுடைக்காரியின் உறையிலிருந்தும் அவர் தட்டை வெளியே இழுத்தார், வெளிச்சத்தில் சாய்த்தார். அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை லேபிள். அதில் ஹாச்சியா என்றும் ஹகொதாதே என்றும் மட்டும் அச்சடித்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

என் மார்போடு அணைத்திருந்தது. என் கை பட்டிருந்தது. நானேதான் கொடுத்தேன்.

கல்லாவில் கமோஷிதா அதை விளக்கின் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறலே இல்லை. "அடடா, இதோட உறை..." என்று ஆரம்பித்து என் பக்கம் பார்த்தார், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். யார் எதை வாங்கினார்கள் என்று கடைக்காரர் வெளியே சொல்லக் கூடாது, அது அவர்கள் தர்மம். சொல்லவில்லைதான். ஆனால் பார்த்துவிட்டாரே. இசொகாயின் கண்ணும் அந்தப் பார்வையின் பின்னாலேயே வந்து என் முகத்தில் நின்றது. ஹவாய் உறையில் ஒட்டியிருந்த விலைதான் விலை என்று கமோஷிதா சொன்னார். கீழே ஒரு தட்டு சோற்றுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

படிக்கட்டில் இசொகாய் எனக்காகக் காத்திருந்தார். பையை இரண்டு கையாலும் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

"மினெகிஷி-சான், அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கராசு காபிக்கடைக்கு வாங்க. மாஸ்டர்கிட்ட சொல்லிப் போடச் சொல்றேன்."

"நான் எதுக்கு?"

"நான் இதை இன்னும் கேட்டதே இல்ல. நீங்க கேட்டிருக்கீங்கபோல."

அவரைத் தாண்டிப் படியிறங்கிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு தாத்தாவுக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தை எடுத்து நீட்டி, அவரே "அம்மா, எனக்குத் தொண்டை" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. வீட்டில் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹவாய் தட்டைத் தூக்கிப்போட்ட அன்றே அதன் பெயரைப் படித்திருந்தால், இத்தனை வருஷமும் அந்தப் பெயருள்ள ஹவாய் உறையைத் தேடியிருப்பேன், ஹாச்சியா அதற்குள்தானே இருந்திருப்பார். தேடினது பூராவும் ஜாஸ் பெட்டிகளில். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவரிடம் கேட்டுவிடலாம் என்றும் தோன்றியது. கேட்டால் கொடுத்துவிடுவார் என்றுதான் பயமாக இருந்தது. தலைகுனிந்து, இரண்டு கையாலும் நீட்டி, "உங்ககிட்டதான் இருக்கணும்" என்பார். அப்புறம் ஆயுசுக்கும் அதை முள்ளுக்கடியில் வைக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகம் வரும். சரி, நான் உறையைக் கொடுக்கலாமே? அதுவும் முடியாது. வைக்கோல்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று சொல்வது யாரையோ என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மழை பெய்தது. ஒரு பெரிய துணிப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் என் டிராம் தண்டவாளம். எதற்கு எடுத்துப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கராசு என்றால் காக்கை. கடைக்குள்ளும் காக்கைச் சிறகுபோல இருட்டுதான். அங்கே காபி குடித்துக்கொண்டு கேட்கலாம், பேசக் கூடாது. மாஸ்டர் ஒரு தட்டின் ஒரு பக்கத்தை முழுசாகப் போடுவார். ஓடுகிற தட்டின் உறையை ப்ளேயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரத்தாங்கியில் நிறுத்திவைப்பார், இது யார் வாசிப்பது என்று யாரும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. மருந்துக்கடையில் வாரமெல்லாம் பேசிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் நாக்குக்கு விடுமுறை விட்ட மாதிரி இருக்கும்.

அன்று வழக்கமான முகங்கள் எல்லாம் வந்திருந்தன. செய்தி பரவியிருந்தது. இசொகாய் முன்னால், ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய மழைக்கோட்டு. எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். நான் அதைப் பார்க்காத மாதிரி பின்னால் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாஸ்டர் தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு உறையைக் கையில் எடுத்தார். தென்னை மரமும் நீச்சலுடையும். ஒரு கணம் யோசித்தார். இரண்டு மேஜை தள்ளி ஒருத்தருடைய தோள் குலுங்கியது.

இசொகாய் பேசினார். அந்தக் கடையில் பேச்சுக் குரல் கேட்டதே எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"அது வேணாம் மாஸ்டர். காலியாவே இருக்கட்டும்."

திரும்பி என்னைப் பார்த்திருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார்ந்தே இருந்திருப்பேன். அவர் திரும்பவில்லை. மாஸ்டர் முள்ளை இறக்கினார். கொஞ்சம் கரகரப்பு, யாரோ கோப்பையை வைக்கிற சத்தம். ஹாச்சியா ஆரம்பித்தார்.

இத்தனை வருஷத்தில் மறந்தது ஒன்றுமில்லை. எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது இசொகாயின் காதோரத்தையும் பாதி முகத்தையும். கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து, முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முதல் தடவை எனக்கு இனிமேல் கிடையாது. தட்டு போனால் போகட்டும், இதைக்கூடவா இந்த மனுஷனுக்குக் கொடுக்க வேண்டும்?

அவருக்கு எதிரே அந்தக் காலித் தாங்கி. ஓடுகிற தட்டுக்கு உறை இல்லாமல் அந்தக் கடையில் நான் பார்த்ததே இல்லை. பல் போன இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி என் கண் அங்கேயே போய்ப்போய் வந்தது.

எழுந்தேன். பையிலிருந்து உறையை எடுத்தேன். பிளாஸ்டிக் சரசரத்தது, நாலு பேர் திரும்பினார்கள். மேஜைகளுக்கு நடுவே நடந்துபோய் அதைத் தாங்கியில் நிறுத்தினேன். பனியும் டிராம் தண்டவாளமும் சின்ன விளக்கின் வெளிச்சத்தில் நின்றன. மாஸ்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

கையை எடுக்க முடியவில்லை. உறையின் மேல்முனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்தது. கமோஷிதாவின் கடை இல்லை இது, தெரியும். ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சட்டம் தெரிந்தவர்கள். மழை நனைத்த சட்டையோடு, ஒலிபெருக்கியை மறைத்துக்கொண்டு, ஒரு மூலையைப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால் நின்றேன்.

இசொகாய் கண்ணைத் திறந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த மழைக்கோட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது தட்டுக்குள் கதவு திறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தர் நிஜக் கதவைத் திரும்பிப் பார்த்தார். காலிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம். ஹாச்சியா பாட்டை நிறுத்திவைத்து, ஒரே சுரத்தை மெல்ல, மெல்லத் தட்டிக்கொண்டு, வந்தவர் உட்காரட்டும் என்று காத்திருந்தார். அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.